பல்பை அணைக்கச் சொன்ன மிஸ்

மாலை ஆறரைக்கு எங்கள் பின்வேலிக்கு மேலே முதலில் ஒரு தொப்பி தெரியும். பிறகு மூக்குக்கண்ணாடி. பிறகு குரல்.

"புள்ள, இண்டைக்கு வானம் நல்லா இரிக்கி. பின்னுக்கு லைட்டப் போடாத."

சுகமா என்று ஒரு வார்த்தை, சாப்பிட்டாயா என்று ஒரு வார்த்தை, ஒன்றும் கிடையாது. நான் தையல் மெசினில் குனிந்திருப்பேன். பதில் சொல்லாவிட்டால் திரும்பவும் சொல்வார். ஓம் என்று சொன்னாலும் திரும்பவும் சொல்வார். மூன்றாவது முறை ஓம் சொன்ன பிறகுதான் தொப்பி கீழே இறங்கும்.

ஆரையம்பதியில் வாவியோரத்துக் கடைசி இரண்டு வளவுகள் எங்களுடையதும் மிஸ் வாடகைக்கு இருந்ததும். மட்டக்களப்பு நகரத்துப் பறங்கிக் குடும்பம் அவருடையது. கலியாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு தனியார் வைத்தியசாலையில் நெஞ்சில் வயர் ஒட்டி ஈ.சி.ஜி. எடுக்கிற வேலை. நகரத்தில் சொந்த வீடு இருக்க, இருட்டு வேண்டும் என்பதற்காக எங்கள் ஊருக்கு வாடகைக்கு வந்தார். தெருவுக்கு லைட் போட்டுத் தாருங்கள் என்று நாங்கள் எல்லோரும் கையெழுத்துச் சேர்த்துக்கொண்டிருந்த வருடம் அது. அந்தக் கடதாசி அவரிடமும் போனது. வாசித்துவிட்டு, கையெழுத்துப் போடாமல், எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்திக் கொடுத்தனுப்பினார்.

அவர் வானத்தைப் படம் எடுப்பவர். நிலவு, சூரிய அஸ்தமனம் என்றால் எனக்கும் விளங்கியிருக்கும். இவர் எடுப்பது கண்ணுக்கே தெரியாத சாமான்கள். ஒரு கமரா, தடித்த முக்காலி, நட்சத்திரத்தோடு சேர்ந்து கமராவை மெல்ல மெல்லத் திருப்பும் ஒரு சின்ன மோட்டார். மூன்று நட்சத்திரம் வரிசையாக நிற்குமே, வேட்டைக்காரனின் இடுப்புப்பட்டி என்று அவர் சொல்வார், அதற்குப் பக்கத்தில் ஒரு புகை மாதிரி இருக்கிறதாம். அந்தப் புகைதான் அவருக்கு வேண்டும். அது மேற்கே, வாவிக்கு அப்பால், படுவான்கரைப் பக்கம் இறங்கும். படுவான்கரை முழுக்க வயல் வட்டைகள் என்பதால் அந்தப் பக்கம் வெளிச்சம் குறைவு. வடக்கே காத்தான்குடி வெளிச்சம், கிழக்கே ரோட்டு வெளிச்சம். மிச்சம் இருந்த பெரிய தொல்லை என் பல்புதான்.

அந்த பல்பு அலங்காரத்துக்குப் போட்டதல்ல. என் வீட்டுக்காரர் வாவியில் தோணி விடுகிறவர். பொழுது படப் போய், பத்து மணியளவில் வலையோடு திரும்புவார். தண்ணீருக்குள் வேர்விட்டு நிற்கும் கண்ணாக் காடு கரை முழுக்க ஒரே மாதிரி இருக்கும். இருட்டில் எது எங்கள் துறை என்று தெரியாது. பின்வளவில் கம்பில் கட்டியிருந்த அந்த பல்பைப் பார்த்துத்தான் தோணியைத் திருப்புவார். இதை மிஸ்ஸுக்கு நான் எத்தனை தரம் சொல்லியிருப்பேன். ஒவ்வொரு தரமும் புதிதாகக் கேட்பது போலக் கேட்டுவிட்டு, "அப்ப ஒம்பதரைக்குப் போடு" என்பார்.

எதையும் ஒரு தரத்தில் நம்பாத மனிசி. அதுதான் அவருடைய குணம், வியாதி, எல்லாம். கடைக்குப் போகும் வழியை மூன்று பேரிடம் கேட்பார். முதல் ஆள் சரியாகச் சொல்லியிருந்தாலும் மற்ற இரண்டு பேரையும் மறித்துக் கேட்பார். ஒருமுறை எனக்கு நெஞ்சு குத்துகிறது என்று அவர் வேலை செய்த இடத்துக்குப் போனேன். கட்டிலில் கிடத்தி நான்கு தரம் எடுத்தார். நான்காவது தாள் வரும்போது எனக்கு உயிர் பாதி போய்விட்டது.

"என்ன மிஸ், ஏதும் பிழையா?"

"ஒண்டும் இல்ல புள்ள. முதல் ரெண்டும் நீ பயந்தது. மூண்டாவது உன்ட காப்பு ஆடினது. இதுதான் உன்ட நெஞ்சு."

படமும் இதே கதைதான். ஒரு படம் இரண்டு நிமிடம். பிறகு அதே இடத்தை இன்னொரு படம். இப்படி அறுபது, எழுபது. எல்லாவற்றையும் கம்பியூட்டரில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடுக்குவார். எல்லாப் படத்திலும் இருப்பது நிற்குமாம். ஒன்றிரண்டில் மட்டும் இருப்பது, விமானமோ மின்மினியோ யாரோ அடித்த டோர்ச்சோ, கழிந்து போகுமாம். அதற்கு இரைச்சல் என்று பெயர். படத்தில் எங்கே மிஸ் இரைச்சல் என்று கேட்டதற்கு என்னைப் பார்த்து, "நீ கதைக்கிறதில முக்காவாசி அதுதான்" என்றார்.

வந்த புதிதில் ஒரு நாள் கமராவின் மூடியைக் கழற்றாமலே படம் எடுத்துக்கொண்டிருந்தார். பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்தேன். பாவம், வயசு போன மனிசி, மறந்துவிட்டார் என்று வேலியைச் சுற்றி ஓடிப்போய்ச் சொன்னேன்.

"மூடியோடதான் எடுக்கணும்" என்றார், தலையைக்கூடத் திருப்பாமல். "சூட்டில கமரா தானா ஊத்த பண்ணும். அந்த ஊத்தைய மட்டும் எடுத்து வெச்சி, மறுகா படத்தில இருந்து கழிக்கணும்."

இருபது படம். ஒன்றுமில்லாததை இருபது படம். நான் ஓடி வந்த ஓட்டத்தில் அடுப்பில் இருந்த கறி அடிப்பிடித்ததுதான் மிச்சம்.

அந்தச் சூட்டைக் குறைக்க அவர் கண்ட வழி இன்னும் மோசம். என் வீட்டுக்காரர் இறால் போடும் வெள்ளை ரெஜிபோம் பெட்டியில் ஒன்றை வாங்கி, பக்கத்தில் வட்டமாக வெட்டி, கமராவை உள்ளே வைத்து, எங்கள் ஐஸையே சுற்றி அடுக்கினார். கமரா குளிர்ந்தது. இறால் மணத்துக்கு ஊர்ப் பூனையெல்லாம் வந்து முக்காலியைச் சுற்றிப் படுத்தன. ஒரு பூனை முதுகைச் சொறிந்தால் ஒரு படம் போச்சு. பூனையைத் துரத்த என்னைக் கூப்பிடுவார். தானே துரத்தினால் நடக்கிற அதிர்ச்சியில் இன்னொரு படம் போய்விடுமாம்.

கமராவின் வாய்க்குக் கறுப்புத் துணியில் ஒரு குழல் தைத்துத் தரச் சொன்னார், பக்கத்து வெளிச்சம் உள்ளே போகாமல் இருக்க. தைத்தேன். தையல் ஓட்டையால் வெளிச்சம் வருகிறது என்று திருப்பித் தந்தார். இரட்டைத் துணியில் தைத்தேன். திருப்பித் தந்தார். பள்ளிக்கூட யூனிபோர்ம் முப்பது மேசையில் கிடக்க, மூன்றாம் தரமும் அந்தக் குழலைத் தைத்தேன். வெயிலுக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்துவிட்டு, "பரவாயில்ல" என்றார். என் தையலுக்கு இருபது வருடத்தில் அப்படி ஒரு பட்டம் யாரும் தந்ததில்லை. இன்னொரு பின்னேரம் கொடியில் காய்ந்த என் வீட்டுக்காரரின் புது வெள்ளைப் பெனியனைக் காணவில்லை. போய்ப் பார்த்தால் கமராவின் வாயில் கட்டி, மங்கல் வானத்தை எடுத்துக்கொண்டிருக்கிறார். கமராக் கண்ணாடியில் இருக்கும் தூசியைப் படம் பிடித்துக் கழிக்கவாம்.

கோயில் சடங்கு நேரத்தில், ஒரு மணித்தியாலத்துக்கு டியூப் லைட்டுகளை நூர்த்து இருட்டாக்க முடியுமா என்று வண்ணக்கரிடமே போய்க் கேட்டார். கோயிலைப் பொறுப்பாக நடத்துகிறவர் அவர். எங்கள் ஊரில் வேறு யாரும் கேட்டிருந்தால் நடந்திருப்பது வேறு. வண்ணக்கர் சிரித்துக்கொண்டு, "மிஸ், உங்கட சேர்ச்சில முதல் கேட்டுப் பாருங்களன்" என்றார்.

"கேட்டன். பாதர் ஏலா எண்டிட்டார்" என்றார் மிஸ்.

இப்படிப்பட்ட மனிசியோடு சண்டை பிடிக்கவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது.

சித்திரை பிறக்க ஒரு கிழமை இருந்தது. அமாவாசை. வேட்டைக்காரன் அந்த வருடத்துக்கு மேற்கே மறையப்போகிறான், இனி மாரி முடிந்துதான் மாலையில் கிடைப்பான் என்று மிஸ் இரண்டு நாளாக அரித்துக்கொண்டிருந்தார். பத்து மணி வரைக்கும் பல்பு வேண்டாம் என்றார். ஒன்பதரை என்றேன். பத்து என்றார். மூன்றாவது தரம் தொப்பி எழும்பியபோது, போய்த் தொலையட்டும் என்று ஓம் சொன்னேன். என் வீட்டுக்காரரும் தோணிக்குப் போகையில் கேட்டுக்கொண்டுதான் போனார். "நான் வரவே பத்துப் பத்தரை ஆகும், விடு" என்றார். போனை வழக்கம் போல வீட்டில் விட்டார். ஏற்கெனவே இரண்டு போன் வாவிக்குள் போயிருந்தன.

பத்துக்கு பல்பைப் போட்டேன். பத்தரை ஆனது. பதினொன்று ஆனது. துறையில் போய் நின்று கூப்பிட்டேன். வாவியில் ஒரு வெளிச்சமும் இல்லை. வருடப்பிறப்பு வேலைகளுக்காக அன்று வேறு யாரும் தோணி இறக்கவில்லை. அடுத்த தெருவில் இருந்த அவருடைய தம்பிக்குப் போன் எடுத்தேன். பிறகு வேலியைச் சுற்றிப் போய் மிஸ்ஸின் கதவை உடைக்கிற மாதிரித் தட்டினேன்.

"உங்கட படத்தால என்ட மனிசனக் காணல்ல" என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவற்றை எழுத முடியாது.

அந்தத் திமிர் பிடித்த முகம் அப்படி வெளிறி நான் பார்த்ததில்லை. மிஸ் கமராவின் மெமரி அட்டையைக் கம்பியூட்டரில் போட்டார். கடைசிப் படங்கள் அடிவானத்துக்குக் கிட்ட எடுத்தவை, புழுதி நிறமாக, கீழ் ஓரத்தில் வாவியும் படுவான்கரையும் தெரிய. ஒன்றுக்கும் உதவாதவை, என்றாலும் எண்ணிப் பார்க்காமல் எதையும் அழிக்க மாட்டார். அக்கரையில் நிற்கும் போன் கோபுரத்தின் சிவப்பு லைட் ஒவ்வொன்றிலும் இருந்தது. அந்தச் சிவப்பு லைட்டை அவர் திட்டாத நாள் இல்லை.

"இது அவர்ட லைட்டா பார்."

சிவப்புக்கு இடப்பக்கம், கண்ணா இருட்டுக்குப் பக்கத்தில், அரிசிமணி மாதிரி ஒரு வெள்ளைப் புள்ளி. என் வீட்டுக்காரர் தலையில் கட்டும் டோர்ச் வெள்ளைதான். அடுத்த படம். இருந்தது. அதற்கடுத்தது. இருந்தது.

"கமரா திரும்புறதால சிவப்பும் கொஞ்சம் இழுபடுது, இதும் அதே அளவு இழுபடுது. அப்ப கோபுரம் மாதிரி இதும் அசையல்ல. ஆறு படம், பன்னிரண்டு நிமிசம்." பிறகு என்னைப் பார்த்தார். "வலை இழுக்கக்குள்ள இப்படி ஒரே இடத்தில நிப்பாரா?"

"நிக்க மாட்டார்" என்றேன். வலையில் கை வைத்தால் அந்த மனிசன் ஒரு நிமிடம் நிற்காது. அதுவும் அந்த இடம், தண்ணீரில் மிதக்கிற ஆற்றுவாழைச் செடி அடைத்துக் கிடக்கிற மூலை. அங்கே அவர் வலை போடுவதே இல்லை.

"ஏழாவதில இல்ல" என்றார் மிஸ், மெல்ல. பற்றரி போயிருக்க வேண்டும். அல்லது வேறு ஏதோ.

தம்பிக்காரன் எஞ்சின் போட்டை இறக்கினான். முக்காலி நின்ற இடத்தில் மிஸ் அவனைக் கொண்டுபோய் நிறுத்தி, கையை நேராக நீட்டச் சொன்னார். "சிவப்பு லைட்டுக்கு இடப்பக்கம், ரெண்டு விரல் அகலம். நேரா அங்க போ. இந்த இடத்தில நான் லைட்டோட நிப்பன். திரும்பிப் பாத்து உன்ட கோடு சரியா எண்டு பாத்துப் பாத்துப் போ." இதையும் மூன்று தரம் சொன்னார். அன்றைக்கு எனக்கு அது எரிச்சலாக இருக்கவில்லை.

போட் போன பிறகு அவர் செய்ததை ஊர் இன்றும் சொல்லிச் சிரிக்கும், எனக்குச் சிரிப்பு வராது. ஒரு டோர்ச்சை முக்காலியில் கட்டி எரியவிட்டு, அதற்குக் காவலாக என்னை நிறுத்திவிட்டு, கரையோர வீடுகளை ஒவ்வொன்றாகத் தட்டினார். "லைட்டப் போடுங்க. எல்லா லைட்டையும் போடுங்க. வாசல் லைட்டையும் போடுங்க." தூக்கத்தில் எழும்பிய சனத்துக்கு, வாசலில் நிற்பது மிஸ்தானா என்று சந்தேகம். கோயில் வண்ணக்கரையும் எழுப்பி டியூப் லைட்டைப் போட வைத்தார். கரை முழுக்கத் திருவிழா மாதிரி எரிந்தது. பிறகு வந்து என் பக்கத்தில் நின்றார். மூச்சு வாங்கியது.

நடுச்சாமம் தாண்டி எஞ்சின் சத்தம் கேட்டது. தம்பிக்காரன் தோணியைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தான். ஆற்றுவாழை வலையை இழுத்துக்கொண்டு போக, அதை விடுவிக்க என் வீட்டுக்காரர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கியிருக்கிறார். திருக்கையை மிதித்துவிட்டார். அதன் முள் குதிக்காலில் இறங்கி, கால் முழங்கால் வரை வீங்கி, தோணிக்குள் ஏறி மல்லாக்கக் கிடந்தவர் எழும்பவில்லை. வேதனையில் வாய் பிதற்றியது. வைத்தியசாலையில் பதினொரு நாள் இருந்தார். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் காலோ ஆளோ என்று டாக்டர் சொன்னதாகத் தம்பிக்காரன் பிறகுதான் என்னிடம் சொன்னான்.

இத்தோடு மிஸ் எங்களுக்குத் தெய்வமாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. அவர் ஆகவிடவில்லை.

ஏனென்றால் என் வீட்டுக்காரர் வைத்தியசாலையிலிருந்து வந்த அன்றைக்கே, மிளகும் உள்ளியும் போட்ட சரக்குக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவரிடம் மிஸ் கேட்டார்.

"தம்பி, அண்டைக்கு லைட் எரிஞ்சிருந்தா, கம்பு ஊண்டி நீங்களே வந்திருப்பீங்களா?"

"வந்திருப்பன் போல மிஸ். எந்தப் பக்கம் கரை எண்டே விளங்கல்ல" என்றார் இவர், வெள்ளை மனதோடு.

அடுத்த நாளும் வந்து கேட்டார். "சீ, எங்க வாற, கால் அப்படி வலிச்சிது" என்றார் இவர். மூன்றாம் நாள், "தெரியா மிஸ்." நான்காம் நாள், ஐந்தாம் நாள். ஒவ்வொரு நாளும் அதே கேள்வி, அதே கதிரையில் இருந்துகொண்டு. இந்த மனிசனும் ஒரு நாள் சொன்னதை மற்ற நாள் சொல்லாது. பத்தாவது தரமோ என்னவோ, எனக்குப் பொறுக்கவில்லை.

"ஒரு மனிசனிட்ட எத்தினை தரம் கேப்பீங்க மிஸ்? ஆள் வந்து சேந்திட்டு. விடுங்க."

தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். "பதில் நிக்குதில்ல புள்ள" என்றார். "எத்தினை தரம் கேட்டாலும் நிக்குதில்ல."

அன்று அவருக்கு ஒரு தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். எனக்கு அவர் மேல் கோபம் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஓம் சொன்னது நான் என்ற கோபம் என் மேலும் இருந்தது. இரண்டுக்கும் சேர்த்து ஒரு தேத்தண்ணிதான் என்னால் முடிந்தது.

அதற்குப் பிறகு வேலிக்கு மேலே தொப்பி வரவில்லை. அமாவாசை வந்தது, வானம் கழுவிவிட்ட மாதிரி இருந்தது, ஒருவரும் லைட்டைப் போடாதே என்று சொல்லவில்லை. இதுவும் ஒரு கரைச்சல். இவர் தோணிக்குப் போகாமல் வீட்டில் இருந்த ஒரு நாள், நானாகவே போய் பல்பை அணைத்தேன். பத்து நிமிடம் கழியவில்லை, பின்வளவில் வெளிச்சம். எட்டிப் பார்த்தால் மிஸ். வேலியைச் சுற்றி வந்து, என் வீட்டு ஸ்விச்சை, என்னைக் கேளாமல் போட்டுவிட்டுத் திரும்பிப் போகிறார். நான் போய் அணைத்தேன். அவர் வந்து போட்டார். இப்படி வயசு போன இரண்டு பொம்பிளைகள் ஒரு ஸ்விச்சோடு விளையாடினோம்.

"ஆள் வீட்டிலதான் இரிக்கார் மிஸ், போய்ப் படத்த எடுங்க" என்று கத்தினேன்.

"பாத்தியா?"

"பாத்தன்."

"நல்லாப் பாத்தியா?"

மற்ற நாள் காலையில் ஒரு பழைய பால்மாத் தகரப் பேணியோடு வந்தார். தகரம் வெட்டும் கத்தரியால் ஒரு பக்கத்தை வெட்டி, உள்ளே கறுப்பு மை பூசியிருந்தார். பல்புக்கு மேலே மாட்டினோம். வாவிப் பக்கம் மட்டும் வாய் திறந்த பேணி. வானத்துக்கும் அவருடைய வளவுக்கும் ஒரு பொட்டு வெளிச்சம் போகாது. தோணியில் வருகிறவருக்கு மட்டும் அப்படியே தெரியும். ஒரு பேணி. முதல் வருடமே செய்திருக்கலாம். அவர் நூர்க்கச் சொல்லியும் நான் ஏலாது என்றும் கத்திக் கத்தியே, இரண்டு பேருக்கும் இந்தச் சின்ன மூளை வேலை செய்யவில்லை. நினைத்தால் இப்போதும் என் தலையில் நானே குட்டிக்கொள்வேன்.

பேணி மாட்டி ஒரு வருடம்கூட அவர் இருக்கவில்லை. நாங்கள் கேட்ட தெரு லைட்டுகள் ஒருவழியாக வந்தன, வெள்ளை வெளேரென்று, வரிசையாக. அவர் உன்னிச்சைக் குளத்துப் பக்கம் வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார். அங்கிருந்து வேலைக்கு வர எத்தனை தூரம் என்று கேட்டேன். யானை வருமே என்றும் கேட்டேன். "யானைக்கு லைட் இல்லையே புள்ள" என்றார்.

லொறியில் சாமான் ஏறிய பிறகு ஒரு கடித உறையைக் கையில் தந்தார். வேட்டைக்காரனின் படம் என்று நினைத்தேன். அந்த இரவில் எடுத்த அறுபது படத்தை அடுக்கி, கழுவி, கழித்து எடுத்த நல்ல படத்தை முன்னமே எனக்குக் காட்டியிருந்தார். சிவப்பும் ஊதாவுமாக, பூ விரிந்த மாதிரி. அதில் நான் தேடிய வெளிச்சம் இல்லை. "அது இரைச்சல் புள்ள, கழிஞ்சிட்டு" என்று சொன்னார், நான் இரண்டு நாள் அவரோடு கதைக்கவில்லை.

உறைக்குள் இருந்தது கழிந்த படம். ஆறில் ஒன்று. புழுதி வானம், நட்சத்திரம் என்று ஒன்றுமில்லை, முழுக்கப் பொரிபொரியாக.

"இது கூடாத படம்" என்றார் மிஸ். "ஆருக்கும் காட்டாத. எனக்குப் படம் எடுக்கத் தெரியாதெண்டு நினைப்பாங்க."

மூன்று தரம் சொல்லிவிட்டு லொறியில் ஏறினார்.

அதைச் சட்டம் போட்டு முன் விறாந்தையில் மாட்டியிருக்கிறேன். தைக்கக் குடுக்க வருகிற பொம்பிளைகள் எல்லோரும், இது என்ன, பழுதாய்ப் போன படத்தையா மாட்டியிருக்கிறாய் என்று கேட்பார்கள். நான் எழும்பிப் போய் விரலை வைத்துக் காட்டுவேன்.

"இஞ்ச பாருங்க, சிவப்புக்குப் பக்கத்தில ஒரு வெள்ளைப் புள்ளி. இது என்ட மனிசன்."